கை சுத்தம் என்றாலும் அவதூறுதான்: சிவிலா, கிரிமினலா?

குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதுகிறார்: ‘நம்ம பொருளாளர் ரொம்பக் கை சுத்தம். கணக்குக் கேட்டாத்தான் காய்ச்சல் வந்துடும்.’ திருடினார் என்று ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் வழக்குப் போடலாம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அவதூறுப் புகார் ஒரு வழி. சிவில் கோர்ட்டில் மானநஷ்ட ஈடு இன்னொன்று. இரண்டையும் சேர்த்தே நடத்தத் தடையில்லை. ஒன்றுதான் என்றால் என் ஓட்டு சிவிலுக்கு.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். கிரிமினலில் பாரதிய நியாய சன்ஹிதா 356, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500: இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அபராதம், அல்லது இரண்டும், இப்போது சமூக சேவையும் உண்டு. ஸ்டேஷனில் எஃப்ஐஆர் கேட்டு அலைய வேண்டாம், பாதிக்கப்பட்டவரே கோர்ட்டில் தனிப்புகார் கொடுக்க வேண்டும். பெரிய கட்டணம் இல்லை. சிவிலில், தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம். 10 லட்சத்துக்கு 30,000 ரூபாய். வீம்புக்கு ஒரு கோடி கேட்டால் 3 லட்சத்தை முதலில் எடுத்து வைக்க வேண்டும்.

இவ்வளவு செலவிருந்தும் சிவில் பக்கம் சாய்வதற்குக் காரணம், சொல்லுக்குப் பொருள் காணும் விதம். குத்தல் பேச்சு கிரிமினல் சட்டத்துக்கும் புரியும். ‘இசட் யோக்கியன், பி-யின் கடிகாரத்தை அவன் திருடவே இல்லை’ என்று, திருடினான் என நம்பவைக்கும் நோக்கத்தோடு சொல்வதும் அவதூறு என்பது சட்டப் பிரிவிலேயே உள்ள எடுத்துக்காட்டு. ஆனால் பெயரைக் கெடுக்கும் எண்ணமோ, கெடும் என்று தெரிந்தோ நம்பக் காரணமிருந்தோ சொன்னதோ நிரூபணமாக வேண்டும். ‘கணக்கு தாமதமாகுதுன்னு கிண்டல் பண்ணினேன்’ என்று எதிர்த்தரப்பு நிற்கும். நியாயமான சந்தேகம் எழுந்தால் பலன் அவருக்குத்தான். சிவிலில் அவர் மனதில் என்ன இருந்தது என்பது கேள்வியே இல்லை. படித்த சாதாரண மனிதர் என்ன புரிந்துகொள்வார் என்பதுதான் கேள்வி. பொய் என்று வாதி நிரூபிக்கவும் வேண்டாம். உண்மை என்று காட்டும் பாரம் எதிர்வாதி தலையில்.

இந்த அனுகூலம் பெரும்பாலும் பிராது, அதாவது வழக்கு மனு, எழுதும் இடத்திலேயே வீணாகிறது. ‘என்னைத் திருடன் என்றார்’ என்று சுருக்கி எழுதக் கூடாது. எழுத்துப்பிழையோடு அசல் வரியை அப்படியே தமிழில் போட்டு, பிராது ஆங்கிலத்தில் என்றால் கீழே மொழிபெயர்ப்பைத் தர வேண்டும். ‘சங்கப் பணத்தைச் சாப்பிட்டார்’ என்பதை மொழிபெயர்ப்பாளர் சோறு தின்ற மாதிரி எழுதிவிட்டால், கையாடல் என்ற பொருள் அங்கேயே செத்துவிடும். பின்னணி தெரிந்தவருக்கு மட்டும் விளங்கும் குத்தல் என்றால் அந்தப் பின்னணியைத் தனிப் பத்தியாகச் சொல்லி, குழுவிலிருந்து வீட்டார் அல்லாத இருவரைச் சாட்சியாக நிறுத்துவது நல்லது. ‘படித்தேன், நம்பவில்லை’ என்று ஒருவர் சொன்னாலும் வழக்கு விழாது, தொகைதான் குறையலாம்.

ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. புதிய சாட்சிய சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63-இன்படி சான்றிதழ் வேண்டும்: ஏ பகுதி தாக்கல் செய்பவருக்கு, பி பகுதி நிபுணருக்கு, இரண்டிலும் ஹாஷ் மதிப்பு, அதாவது ஃபைல் மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு. வழக்கு முடியும் வரை அந்த போனை மாற்றவோ ஃபார்மேட் செய்யவோ வேண்டாம்.

சிவிலின் பெரிய பள்ளம் காலக்கெடு. ஒரே ஆண்டு. கிரிமினலுக்கு மூன்று. வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, மன்னிப்புக் கடிதம் வருமென்று சமரசம் பேசியே ஆண்டைத் தொலைப்பவர்கள் உண்டு; நோட்டீஸ் அனுப்பியதால் கெடு ஒரு நாளும் நீளாது.

கிரிமினல்தான் சரி என்ற இடங்களும் உண்டு. சொன்னது உண்மை, ஆனால் ஊருக்குச் சொல்லத் தேவையே இல்லாத வீட்டு விஷயம் என்றால் சிவிலில் உண்மை ஒன்றே எதிர்வாதியைக் காப்பாற்றிவிடும். கிரிமினலில் உண்மையோடு பொதுநன்மையும் இருந்தாக வேண்டும். இறந்துபோன அப்பாவைப் பற்றிய பழிக்கும் கிரிமினலே வழி. ஆனால் புகார்தாரர் வாய்தாவுக்கு வராவிட்டால் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையாகிவிடும் ஆபத்து உண்டு. வேலையை விட்டு ஓடிவர முடியாதவர் இதை யோசிக்க வேண்டும். சிவிலில் சாட்சி சொல்லும் நாள் தவிர மற்ற வாய்தாக்களை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

பொருளாளர் அரசு அதிகாரியாக இருந்து, பேச்சும் அவர் அலுவல் பற்றியது என்றால் கணக்கே வேறு. ‘நக்கீரன்’ ஆசிரியர் ராஜகோபால் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, பொய் என்பதோடு உண்மையைச் சட்டை செய்யாமல் சொன்னார் என்றும் காட்டினால்தான் நஷ்டஈடு.