உளவளத்துணைக்குப் போய்வந்த மூன்று வருடம்

யாழ்ப்பாணத்தில் ஓர் உளவளத்துணையாளரிடம் (கவுன்சிலிங் செய்பவர்) மூன்று வருடமாகப் போய் வருகிறேன். "விசராக்கும்" என்று யாரும் சொல்லிவிடுவார்களோ என்று இங்கே பலர் இதை வெளியில் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை.

1995 ஒக்டோபர் 30, போரால் யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்த அந்த இரவு மழைக்குள், அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. வளர்ந்த பிறகும் மழை தொடங்கினால் நெஞ்சு படபடக்கும், நித்திரை வராது. ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. நான் முதலில் உளவளத்துணைக்குப் போன வேறொருவர் பத்து நிமிடத்தில் "பழசை மறந்திடுங்கோ" என்று அனுப்பிவிட்டார்.

இப்போது நான் போகும் இந்த மிஸ் அப்படியில்லை. முதல் நாள் தன்னைப் பற்றித்தான் முதலில் சொன்னார். எங்கே படித்தார், 2009இல் போர் முடிந்த பிறகு வன்னிக் குடும்பங்களோடு எப்படி வேலை செய்தார், இப்போதும் தன் வேலையைப் பற்றிக் கதைத்து வழிகாட்டல் பெற மூத்த ஒருவரிடம் மேற்பார்வைக்குப் போவது, எல்லாம். "நான் டொக்டர் இல்லை, மருந்து எழுதமாட்டன். தேவையெண்டால் மனநல மருத்துவரிட்ட அனுப்புவன்" என்றார். உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, பேசுவது வெளியே போகாது என்றும் சொன்னார். எனக்கு அது பெரிய ஆறுதல்.

இரண்டு மாதம் அவர் 1995 பற்றிக் கேட்கவேயில்லை. மூச்சுப் பயிற்சி, படபடப்பு வந்தால் பாதத்தை நிலத்தில் ஊன்றி, கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருளைச் சொல்வது. பிறகு ஒரு கொப்பி: என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, அது உண்மையா என்று எழுத வேண்டும். ஆரம்பத்தில் சலிப்பாக இருந்தது, உண்மை. ஆனால் அந்தக் கொப்பியில்தான் ஒரே வசனம் திரும்பத் திரும்ப வந்ததைக் கண்டேன்: "அம்மம்மாவை விட்டிட்டு வந்திட்டன்."

நடக்க ஏலாது என்று அம்மம்மா வீட்டிலேயே நின்றுவிட்டா. பிறகு நாங்கள் அவவைக் காணவில்லை.

மிஸ் அதை வாசித்துவிட்டுக் கேட்டார்: "உங்கட மகளுக்கு இப்ப என்ன வயசு?"

"ஒன்பது."

அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் அழுது முடியும்வரை அப்படியே இருந்தார்.

குறையும் உண்டு. அந்த அறைச் சுவர் மெல்லியது, பக்கத்து அறைப் பேச்சு கேட்கும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் தொலைபேசியில் பேசியது அவ்வளவு சரிவரவில்லை. வீட்டில் ஆட்கள் இருந்ததால் கிணற்றடியில் நின்றுதான் கதைத்தேன்.

காசு கட்ட வசதியில்லாதவர்கள் அரச மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம், அங்கே இலவசம். இரவில் தாங்க முடியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு எடுங்கள்.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் போகிறேன். சில இரவுகள் இன்னும் விழிப்பு வருகிறது. போன ஐப்பசி மழையில் விறாந்தையில் இருந்து மகளுக்கு அம்மம்மாவின் கதை சொன்னேன்.