சுர்ட்சேயா, பாரோ கொலராடோவா?

தாவரச் சூழலியல் படித்துவிட்டுத் தீவில் வேலை செய்ய ஏங்குபவர்களிடம் இந்த இரண்டையும்தான் சொல்வேன்.

ஐஸ்லாந்தின் சுர்ட்சே 1963-இல் கடலடி எரிமலையில் பிறந்தது. 1965-இல் முதல் பூக்கும் செடி முளைத்தது. ஆய்வாளர்கள் அனுமதியோடு கோடையில் சில நாள் தங்கலாம். ஒரு சிறு குடில்தான் வீடு. தீவுக்குப் புறப்படுமுன் காலணி, பை, உடை மடிப்பு எல்லாவற்றையும் உதற வேண்டும். வெறும் பாறைக்கு உயிர்கள் தாமாக எப்படி வந்து சேர்கின்றன என்பதுதான் அங்கே ஆய்வு; ஒட்டிவந்த ஒரே விதை போதும், ஆய்வே கெட்டுவிடும். 1980-களில் கடற்காகங்கள் கூட்டமாய்க் கூடு கட்டின. எச்சம் விழுந்த இடமெல்லாம் கரும்பாறை பச்சை பிடித்தது.

பனாமாவின் பாரோ கொலராடோ, கால்வாய்க்காக ஆற்றைத் தேக்கியபோது ஏரி நடுவே மிஞ்சிய மலையுச்சி. ஆய்வகம், படுக்கை, சாப்பாடு எல்லாம் உண்டு. ஆனால் 50 ஹெக்டேர் காட்டில், 1 செ.மீ. தடிமன் எட்டிய ஒவ்வொரு தண்டையும் அளக்க வேண்டும். மொத்தம் 2 லட்சத்துக்கு மேல்! வியர்வை வழிய தண்டில் மாட்டிய எண் வில்லையைத் துடைத்துப் படித்து, மார்பளவு உயரத்தில் நாடாவைச் சுற்றி, அளவைக் குறித்து, அடுத்த தண்டுக்கு நகர வேண்டும். சில ஆண்டு கழித்து மறுபடி அதே மரங்கள்.

நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன். எந்த மரம் நின்றது, எது சாய்ந்தது என்பது அங்கே எண்ணாகவே தெரியும்.