செயலி விழுங்கிய மர்மர்

ஈப்போவில் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் நண்பர் நேற்றுப் புலனத்தில் கேட்டார்: "அண்ணே, எங்க கல்லூரியும் மூடிலுக்கு மாறப்போகுது. நல்லா இருக்கா?" மூடில் என்பது பாடக்கோப்புகளை ஏற்றவும் தேர்வு வைக்கவும் கல்லூரிகள் பயன்படுத்தும் இணையத்தளம். ஒரு வரியில் பதில் போட முடியவில்லை.

சுங்கை சிப்புட்டில் என் வீட்டு மேசையிலிருந்து இயங்கலையில் பாடம் எடுக்கத் தொடங்கியது 2020 மார்ச் 18, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது. ஆணை போய்விட்டது. மாலை வகுப்பும் மூடில் தேர்வும் தங்கிவிட்டன.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தேர்வு முடிந்ததும் மூடில் கேள்விவாரியாகக் கணக்குக் காட்டும்: எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள், மொத்தத்தில் நன்றாகச் செய்தவர்கள் இந்தக் கேள்வியிலும் தேறினார்களா என்று. ஒரு முறை பொட்டாசியம் பற்றிய கேள்விக்கு மைனஸ் எண் வந்தது. கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாம் தவறு, தடுமாறுகிறவர்கள் சரி! எடுத்துப் பார்த்தால், தவறான விடையைச் சரியென்று குறித்து வைத்திருந்தது நானேதான். தாளில் திருத்திய காலத்தில் இப்படி எத்தனை பேரின் மதிப்பெண்ணைப் பறித்தேனோ. இந்த ஒன்றுக்காகவே மூடிலைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

என் கோபமெல்லாம் காணொளிச் செயலியில் நடத்தும் நேரலை வகுப்பின் மேல்தான். மைட்ரல் ஸ்டெனோசிஸ் என்னும் இதய வால்வுச் சுருக்கத்தில் கேட்கும் மர்மர், அதாவது இதயத்தின் கூடுதல் ஒலி, தாழ்ந்த சுருதியில் உருளும். நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஸ்டெதாஸ்கோப்பின் பெல்லை (தாழ்ந்த ஒலிக்கான கிண்ணப் பக்கத்தை) இதய நுனியில் லேசாக வைத்தால்தான் காதில் விழும். அதன் ஒலிப்பதிவைக் கைத்தொலைபேசியில் ஓடவிட்டு, மடிக்கணினி மைக் அருகே பிடித்தேன். செம்பனைத் தோட்டத்து வீட்டிலிருந்து ஒரு மாணவி, "ஒண்ணுமே கேட்கல சார்" என்றாள். "லைன் சரியில்லம்மா, வெளிய வந்து நில்லு" என்றேன். வாசலில் வந்து நின்றது அந்தப் பிள்ளை. மூன்று வாரம் இதே கதை. மற்றவர்கள் மரியாதைக்காகக் "கேட்குது சார்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு ஒரு நாள், மனைவியின் கைத்தொலைபேசியில் என் வகுப்புக்குள் நானே நுழைந்து, அடுத்த அறையில் போய்க் கேட்டேன். ஒலிப்பதிவுக்கு முன்னால் நான் பேசியது கணீரென்று வந்தது. மர்மர் மட்டும் இல்லை. மின்விசிறிச் சத்தத்தை நீக்குவதுபோல் செயலி அதையும் இரைச்சலென்று நீக்கிவிட்டிருந்தது. தப்பி வரும் கொஞ்சநஞ்சத்தையும் கைத்தொலைபேசியின் சின்ன ஸ்பீக்கர் எழுப்பாது. அந்தப் பிள்ளையிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிடுகிறேன். ஒலிக்கோப்பை மூடிலில் ஏற்றி, ஹெட்போன் போட்டுக் கேட்கச் சொல்கிறேன். கேட்கிறது. ஆனால் போன வாரம் வார்டில், இதே பாடத்தின் இயங்கலைத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய பையன், நோயாளியை மல்லாக்கவே விட்டு, ஸ்டெதாஸ்கோப்பின் மறுபக்கமான தட்டை டயாஃப்ரத்தை அழுத்திப் பிடித்து, "மர்மர் இல்ல சார்" என்றான்.

மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990இல் மருத்துவத் திறனை நான்கு படியாகப் பிரித்தார்: தெரியும், எப்படியென்று தெரியும், செய்துகாட்டுவார், நிஜ வேலையில் செய்வார். மூடில் தேர்வு இரண்டாம் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறது. மூன்றாம் படியைப் பார்க்கத்தான் ரொனால்ட் ஹார்டன் 1975இலேயே ஸ்காட்லாந்தின் டண்டியில் ஓஸ்கி (OSCE) என்னும் செய்முறைத் தேர்வைக் கொண்டுவந்தார். அதில் தேர்வாளர் பக்கத்தில் நின்று மாணவரின் கையைப் பார்க்கிறார்.

நண்பருக்கு இரவு எழுதினேன்: "நல்ல சாமான்தான் தம்பி. ஆனா அதைக் காட்டி வார்டு நேரத்தைக் குறைப்பாங்கன்னா, வேண்டாம்னு சொல்லிடுங்க."