ஆன்லைன் பயிற்சி வாங்கும் மருத்துவமனைகளுக்கு ஓர் எச்சரிக்கை

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் செவிலியர் பயிற்சிப் பொறுப்பை வகித்து வருகிறேன். செவிலியர்களுக்குக் கைச் சுகாதாரம் குறித்த ஆன்லைன் கோர்ஸ் ஒன்றைத் தயாரித்துத் தந்து, அதன் பலனையும் அளந்து காட்டுவதாகச் சொல்லி ஒரு நிறுவனம் எங்கள் நிர்வாகத்திடம் கணிசமான தொகையைப் பெற்றுக்கொண்டது. நாங்கள் எப்படி ஏமாற்றப்பட்டோம் என்பதை, இதே போன்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒரு பயிற்சியின் பலனை அளக்க அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் முன்வைத்த நான்கு நிலை மதிப்பீட்டைப் பின்பற்றுவோம் என்று அவர்கள் தந்த திட்டத்தில் எழுதியிருந்தது. பயிற்சி பெற்றவர்களுக்கு அது பிடித்திருந்ததா, அவர்கள் கற்றுக்கொண்டார்களா, கற்றதை வேலையில் கடைப்பிடிக்கிறார்களா, அதனால் நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா என்பவையே அந்த நான்கு நிலைகள். கடைசி இரண்டையும் அளப்பதாகச் சொன்னதால்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தோம்.

வந்து சேர்ந்ததோ, பார்வைக்காக நாங்கள் கொடுத்திருந்த எங்களுடைய பழைய ஸ்லைடுகளே. அவற்றை ஓர் இயந்திரக் குரல் வரிக்கு வரி வாசித்தது, அவ்வளவுதான். கை கழுவ வேண்டிய ஐந்து தருணங்களாக உலக சுகாதார நிறுவனம் வகுத்தவற்றை எங்கள் செவிலியர்கள் மனப்பாடமாகவே சொல்வார்கள். நோயாளியைத் தொடாமல் கட்டிலின் கம்பியையோ மானிட்டரையோ மட்டும் தொட்டுவிட்டு அடுத்த படுக்கைக்கு விரையும்போதுதான், நோயாளியைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின் என்ற ஐந்தாவது தருணம் தவறிப்போகிறது. அப்படியொரு சூழலைக் கண்முன் வைத்து, "இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு, தவறான முடிவு எடுத்தால் அதன் விளைவைக் காட்டும் பயிற்சியையே கேட்டிருந்தோம். அப்படி ஒரு காட்சிகூட அதில் இல்லை.

தேர்வைப் பற்றிச் சொல்லவே வருத்தமாக இருக்கிறது. "எப்போது கைகளைச் சுத்தம் செய்ய வேண்டும்?" என்பது ஒரு கேள்வி, நான்காவது விடை "மேற்கண்ட அனைத்தும்". பெரும்பாலான கேள்விகளுக்கு அதுவே சரியான விடை. தவறினால் அதே கேள்விகள் அதே வரிசையில் மீண்டும் வரும், தேர்ச்சி பெறும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். பயிற்சிக்கு முன் ஒரு தேர்வு வைக்காததால், யார் புதிதாக எதைக் கற்றார்கள் என்று சொல்லவும் வழியில்லை.

ஏறத்தாழ எல்லோரும் பயிற்சியை முடித்துவிட்டதாக அறிக்கை வந்தபோது எனக்கு ஐயம் எழுந்தது. முதல் ஸ்லைடிலிருந்து பக்கவாட்டுப் பட்டியல் வழியாக நேரே கடைசி ஸ்லைடுக்குத் தாவி, தேர்வை மட்டும் எழுதிப் பார்த்தேன்; சான்றிதழ் வந்துவிட்டது. ஸ்கார்ம் (ஆன்லைன் கோர்ஸ்களைப் பயிற்சித் தளங்களோடு இணைத்து, யார் முடித்தார்கள் என்பதைப் பதிவு செய்ய உதவும் தொழில்நுட்பத் தரம்) வகைக் கோர்ஸ்களில் எதை "முடித்தது" என்று பதிவு செய்வது என்பதைத் தயாரிப்பவரே தீர்மானிக்கிறார் என்பதால், அந்தச் சதவீதத்தை மட்டும் வைத்து யாரும் எதையும் கற்றதாகக் கொள்ள முடியாது.

வார்டுகளில் கை சுத்தம் செய்ய வேண்டிய தருணங்கள் எத்தனை வந்தன, அவற்றில் எத்தனை முறை உண்மையில் செய்தார்கள் என்பதை நேரில் நின்று குறிப்பது எங்கள் வழக்கம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுத்த கணக்கில் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் எதுவும் இல்லை. இதை எடுத்துச் சொன்னதற்கு, பணியிட நடத்தையை மாற்றுவது மருத்துவமனையின் பொறுப்பு என்றும், ஒப்பந்தத்தின் இணைப்பில் கோர்ஸும் நிறைவு அறிக்கையும் மட்டுமே இருப்பதாகவும் பதில் வந்தது. திட்டத்தில் அவர்களே கொடுத்த வாக்குறுதி அந்த இணைப்பில் இடம்பெறவே இல்லை! கேள்விகளை நாங்களே திருத்திக்கொள்ள மூலக் கோப்பைக் கேட்டோம். அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். வெளியிடப்பட்ட ஜிப் கோப்பு மட்டுமே எங்கள் கையில் இருக்கிறது, அதில் எங்களால் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது.

ஆகவே, திட்டத்தில் சொன்ன ஒவ்வோர் அளவீட்டையும், அதை யார், எப்போது, எந்தப் படிவத்தில் எடுப்பார்கள் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மூலக் கோப்பு உங்களுக்கே உரியது என்ற வரி அதில் இருக்கட்டும். கடைசித் தவணையைப் பணியிடக் கணக்கெடுப்பு முடிந்த பிறகே கொடுங்கள். மாதிரிக் கோர்ஸ் ஒன்றை அவர்கள் காட்டும்போது, கணினியை உங்கள் பக்கம் வாங்கி, முதல் ஸ்லைடிலிருந்து கடைசி ஸ்லைடுக்குத் தாவ முடிகிறதா என்று அவர்கள் எதிரிலேயே பாருங்கள்.