சிவப்புக் கோடு போடாத தப்புகள்: திருப்பூர் மெயிலில் ஸ்பெல் செக்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைப் பார்த்துக்கொள்பவராக, இருக்கிறேன். காலையில் சீட்டில் உட்கார்ந்தால் இருட்டும்வரை இங்கிலீஷ் மெயில்தான். சரக்கு வாங்கும் பையருக்கு ஒன்று, அவருடைய ஏஜென்ட்டுக்கு ஒன்று, துணியைச் சோதிக்கும் லேப்புக்கு ஒன்று. பக்கத்து சீட்டுக்காரரோடு பேசுவது தமிழில், அவருக்கே மெயில் போட்டால் அதுவும் இங்கிலீஷில். இத்தனை வருஷத்தில் வேர்டிலும் அவுட்லுக்கிலும் கூடவே வரும் ஸ்பெல் செக், போன் கீபோர்டின் ஆட்டோகரெக்ட், சந்தா கட்டி வாங்கிய ஒரு கிராமர் செயலி எல்லாவற்றையும் தினமும் பயன்படுத்திப் பார்த்தாயிற்று. புதிதாக வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகள் எதை நம்பலாம் என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் இந்தப் பகிர்வு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவிகள் நன்றாகப் பிடிக்கிற தப்புகளால் யாருக்கும் பெரிய நஷ்டம் கிடையாது. காசு போகிற தப்புகள் எல்லாம் ஸ்பெல்லிங் சரியாக இருக்கிற சொற்களிலும், கமாவிலும், எக்செல் கட்டங்களிலும் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே சிவப்புக் கோடு விழுவதே இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். ரிசீவில் ‘இ’ முன்னால் வருமா ‘ஐ’ முன்னால் வருமா, அகாமடேஷனுக்கு எத்தனை ‘எம்’, செபரேட்டின் நடுவில் ‘ஏ’யா ‘இ’யா, இதெல்லாம் இனி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டிய விஷயமே இல்லை. இதற்கு ஒரு காரணம் உண்டு. ஐ.பி.எம்.மில் இருந்த ஃப்ரெட்ரிக் டாமெரோ 1964-லேயே ஒரு கட்டுரையில் காட்டினார்: ஸ்பெல்லிங் தப்புகளில் 80 சதவீதத்துக்கு மேல் நாலே வகைதான். ஒரு எழுத்து விட்டுப்போகும், ஒன்று கூடுதலாக விழும், ஒன்றின் இடத்தில் வேறொன்று வரும், அல்லது அடுத்தடுத்த இரண்டு இடம் மாறும். ஸ்பெல் செக் அந்த நாலையும் திருப்பிப் போட்டுப் பார்க்கிறது. அகராதியில் இருக்கும் ஏதாவது ஒரு சொல் கிடைத்தால் அதைப் பரிந்துரைக்கிறது. வேர்ட் 95-ல் வளைந்த சிவப்புக் கோடு வந்த நாளிலிருந்து இந்த வேலையை அது ஒழுங்காகவே செய்துவருகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அகராதியில் இருக்கிற சொல்லாகவே தப்பு விழுந்தால்?

எங்கள் ஊரில் இதற்கு ‘டையிங்’கை விடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. சாயம் போடும் டையிங்குக்கு ஒய்க்குப் பிறகு ஒரு ‘இ’ உண்டு. அந்த ‘இ’ விழுந்துவிட்டால் உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டும் நல்ல ஆங்கிலச் சொற்கள். அதனால் துணி சாகக் கிடக்கிறது என்று பையருக்கு மெயில் போனாலும் ஸ்பெல் செக் வாயைத் திறக்காது. பில், போர்டு, விசிட்டிங் கார்டு என்று திருப்பூரில் எங்கே திரும்பினாலும் இதைப் பார்க்கலாம். மெஷர்மென்ட் சார்ட்டில் இடுப்பளவுக்கான ‘வெய்ஸ்ட்’ கழிவுத் துணிக்கான ‘வேஸ்ட்’ ஆவதும், தைப்பதற்கான ‘சோயிங்’ விதைப்பது ஆவதும், துணி மூட்டுக்கான ‘சீம்’ போலத் தோன்றுவது ஆவதும் இதே ரகம். சிரிப்போடு போய்விடும் என்றால் சரி. வெய்ஸ்ட்டை மட்டும் நான் சிரித்து விடுவதில்லை. ஒரே மெயிலில் இடுப்பளவும் கட்டிங் வேஸ்டேஜும் சேர்ந்து வரும்போது குழப்பம் நிஜமாகவே வரும்.

இதற்கு வேர்டிலேயே ஒரு மருந்து இருக்கிறது. எத்தனையோ வருஷமாக வேர்ட் வைத்திருப்பவர்களுக்கும் தெரியவில்லை. எக்ஸ்க்ளூஷன் டிக்ஷனரி என்று பெயர். அகராதியில் இருந்தாலும் இந்தச் சொல்லுக்குக் கோடு போடு என்று நாமே சொல்லிவைக்கலாம். யூசர் ஃபோல்டருக்குள் மைக்ரோசாஃப்ட், அதற்குள் யூப்ரூஃப் என்ற ஃபோல்டரில் மொழிவாரியாகச் சின்ன ஃபைல்கள் இருக்கும். நோட்பேடில் திறந்து, வரிக்கு ஒரு சொல் அடித்து, சேமித்துவிட்டு வேர்டை மூடித் திறந்தால் போதும். ‘இ’ இல்லாத டையிங்கையும் கழிவு வேஸ்ட்டையும் விதைப்பதையும் அதில் போட்டுவைத்திருக்கிறேன். எங்கள் மெயிலில் யாரும் சாகப்போவதில்லை, யாரும் விதைக்கப்போவதும் இல்லை. அதனால் இந்த இரண்டுக்கும் எப்போது கோடு விழுந்தாலும் அது தப்பாகத்தான் இருக்கும். ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷ் இங்கிலீஷுக்கு ஒரு ஃபைல், இந்திய இங்கிலீஷுக்கு வேறு ஃபைல். டாக்குமென்ட் எந்த மொழியில் இருக்கிறது என்று வேர்டின் அடிப்பட்டையில் பார்த்து, அந்த ஃபைலில் போட்டால்தான் வேலை செய்யும்.

அப்புறம், எங்கள் தொழிலில் பாதி எழுத்து முழுக்க முழுக்கக் கேப்பிட்டலில். ஸ்டைல் விவரம், கார்ட்டன் மார்க்கிங், பேக்கிங் லிஸ்ட் எல்லாமே. கேப்பிட்டலில் இருக்கும் சொல்லையும் எண் கலந்த சொல்லையும் சரிபார்க்காதே என்ற செட்டிங் வேர்டில் முதலிலிருந்தே ஆனில்தான் இருக்கும். பக்கம் சுத்தமாக இருக்கிறதே என்று நாம் நினைப்போம். அது பார்க்கவே இல்லை. ப்ரூஃபிங் செட்டிங்கில் போய் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

எக்செல் இன்னும் மோசம். அதில் சிவப்புக் கோடே கிடையாது, எஃப்7 அமுக்கினால்தான் பார்க்கும். ஆனால் ஆடையின் முழு விவரமும் அளவும் இருக்கும் டெக் பேக்கும் பேக்கிங் லிஸ்டும் பெரும்பாலும் இருப்பது எக்செல்லில். குழந்தைகள் ஆர்டரில் சைஸ் 2-3 என்று அடித்தால் அதுவாகவே தேதியாக மாற்றிவிடும். ஒரு ஹைஃபன் செய்கிற வேலை. இந்தத் தொல்லை நமக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே, எக்செல் மார்ச், செப்டம்பர் என்று மாற்றிக்கொண்டே இருந்ததால், சில மரபணுக்களின் குறியீட்டு மாற்றத்தை 2020-ல் அறிவித்தது. நாம் சைஸின் பெயரை மாற்ற முடியாது. அந்தக் கட்டங்களை முதலிலேயே டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு அடிப்பதுதான் எளிய வழி. ஜெர்மன் பையர் அனுப்பும் எண்களும் இப்படித்தான். அவர்களுக்கு 1.500 என்றால் ஆயிரத்து ஐநூறு, 2,35 என்றால் நமது 2.35. அதை அப்படியே நமது எக்செல்லில் ஒட்டினால் ஆயிரத்து ஐநூறு பீஸ் ஒன்றரை பீஸாகிவிடும்.

இனி காசு விஷயம். எல்.சி.யில், அதாவது டாக்குமென்ட் சரியாக இருந்தால் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உத்தரவாதக் கடிதத்தில், பணம் வரும் ஆர்டர் என்றால் ஒரு ஸ்பெல்லிங் தப்புக்கே வங்கி டாக்குமென்ட்டைத் திருப்பிவிடும் என்று சீனியர்கள் பயமுறுத்துவார்கள். நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன், விதியைப் படிக்கும்வரை. 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் யு.சி.பி. 600 என்ற எல்.சி. விதிகளின்கீழ் டாக்குமென்ட்டை எப்படிச் சரிபார்ப்பது என்று இன்டர்நேஷனல் சேம்பர் ஆஃப் காமர்ஸ் 2013-ல் வெளியிட்ட ஐ.எஸ்.பி.பி. 745 என்ற புத்தகம் தெளிவாகவே சொல்கிறது. சொல்லின் அர்த்தமோ வாக்கியத்தின் அர்த்தமோ மாறாத ஸ்பெல்லிங் தப்பு குறையாகாது. மெஷின் என்பதில் ‘சி’க்குப் பதில் ‘எஸ்’ விழுந்தாலும், மாடல் என்பதில் கடைசி இரண்டு எழுத்து இடம் மாறினாலும் பரவாயில்லை என்று உதாரணமே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் மாடல் 321 என்பது மாடல் 123 ஆனால் அது குறைதான். அதாவது ஸ்பெல் செக் கோடு போட்டுக் கூப்பாடு போடுகிற தப்பை வங்கி மன்னித்துவிடுகிறது. ஸ்பெல் செக் எட்டிக்கூடப் பார்க்காத எண்ணில்தான் பணம் நிற்கிறது.

அதே புத்தகத்தில் ஸ்லாஷுக்கும் கமாவுக்கும் தனியாக ஒரு பத்தி இருக்கிறது. துணிக்காரர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய பத்தி. எல்.சி.யில் வேறு விளக்கம் எதுவும் இல்லாமல் ரெட்/பிளாக்/புளூ என்று இருந்தால், வெறும் சிவப்பும் சரி, வெறும் கறுப்பும் சரி, வெறும் நீலமும் சரி, எந்தக் கலவையும் சரி. ஹாம்பர்க், ராட்டர்டாம், ஆன்ட்வெர்ப் என்று கமா போட்டுத் துறைமுகங்களை அடுக்கினாலும் அதே கதை. மூன்று கலரிலும் சரக்கு வேண்டும் என்று பையர் மனதில் நினைத்திருப்பார். காகிதம் அப்படிச் சொல்லாது. இதைப் படித்த பிறகு ஸ்லாஷைக் கண்டாலே எனக்கு ஒவ்வாது. எங்கள் டீமில் ரெட்/நேவி 500 என்று யாராவது எழுதினால், கலருக்கு 500-ஆ, சேர்த்து 500-ஆ என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். இதை எந்தச் செயலியும் இதுவரை கேட்டதில்லை.

கமாவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வருகிற மெயிலை யாரும் ஸ்பெல் செக் செய்வதில்லை. எங்கள் பையர்களில் பலருக்கும் இங்கிலீஷ் நம்மைப் போலவே கற்றுக்கொண்ட மொழி. ஒருமுறை நெஞ்சுப் பிரிண்ட்டின் அளவைக் குறைக்கட்டுமா என்று கேட்டிருந்தோம். பதில் ஒரே வரி: ‘நோ பிரிண்ட் ஆஸ் பெர் ஒரிஜினல்’. டீமில் இருந்த தம்பி அதை அப்படியே படித்து, பிரிண்ட் வேண்டாமாம் என்று பிரிண்டிங் யூனிட்டுக்குச் சொல்லிவிட்டான். சற்று நேரத்தில் பிரிண்டிங்காரரிடமிருந்து எனக்கு போன். “ஏனுங்க மேடம், பிரிண்ட் வேண்டாம்னுட்டீங்களாமா? ஸ்க்ரீனெல்லாம் போட்டு வெச்சிருக்கறனுங்க.” மெயிலைத் திறந்து பார்த்தேன். பிரிண்ட்டே வேண்டாமென்றால் ‘ஒரிஜினல்படி’ என்று எதற்குச் சொல்ல வேண்டும்? ‘நோ’வுக்குப் பிறகு ஒரு கமா போட்டுப் படித்தால் விஷயம் நேராகிவிடுகிறது: வேண்டாம், குறைக்காதீர்கள், முதலில் இருந்தபடியே பிரிண்ட் செய்யுங்கள். பையரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு ஸ்க்ரீனை ஓடவிட்டோம். அதற்கப்புறம் டீமில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. இல்லை என்று தொடங்கும் பதில் வந்தால், நாம் புரிந்துகொண்டதை முழு வாக்கியமாக எழுதி உடனே திருப்பி அனுப்பிவிடுவோம்.

சந்தா செயலிக்கு வருகிறேன். பெயர் வேண்டாம், இந்த வகைச் செயலிகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். நமக்கு அதில் மெய்யான உதவி என்றால் ‘ஏ’, ‘தி’ இரண்டும் விட்டுப்போகும் இடங்கள், ‘ஒன் ஆஃப்’ போட்டுவிட்டு ஒருமையில் முடிப்பது, ‘டிஸ்கஸ்’ஸுக்குப் பின்னால் ‘அபவுட்’ சேர்ப்பது, கமாவுக்கு முன்னால் இடம் விடுவது, டி-ஷர்ட்டைப் பன்மையாக்க அப்பாஸ்ட்ரஃபி குத்துவது. இவற்றை விடாமல் பிடிக்கும். எதற்குக் கோடு போட்டது என்று படித்துப் பார்ப்பவருக்கு நாளடைவில் கைப்பழக்கமே மாறிவிடுகிறது. ஆனால் வாக்கியத்தைச் சுருக்குகிறேன் என்று கிளம்பினால் அதை அடக்க வேண்டும். ‘லேப் டெஸ்ட் அப்ரூவலுக்கு உட்பட்டு’ என்ற துண்டைத் தேவையில்லாத சொற்கள் என்று எடுத்துவிடச் சொல்லும். நாளைக்கு நஷ்டஈடு கேட்டு ஒரு க்ளெய்ம் வந்தால் நம்மைக் காப்பாற்றப்போவது அந்தத் துண்டு மட்டும்தான். இன்னொன்று, இத்தகைய செயலிகள் பெரும்பாலும் நாம் அடிப்பதைத் தங்கள் சர்வருக்கு அனுப்பித்தான் திருத்துகின்றன. விலை பேசும் மெயிலில் அதை ஆஃப் செய்துவிடுவேன்.

போன் ஆட்டோகரெக்ட்டுக்கு என் மதிப்பெண் குறைவு. போலோ டி-ஷர்ட்டின் ‘பிளாக்கெட்’ நான் பார்க்காத நேரத்தில் ‘பாக்கெட்’ ஆகிவிடும். பட்டன் பட்டியைப் பற்றிச் சொன்னது பை பற்றிப் போகிறது, டி-ஷர்ட்டில் இரண்டுமே இருக்கக்கூடியவை. பெரிய இடங்களுக்கே நடந்த கதை இது. நேட்டோ, ஐரோப்பிய யூனியன் ஆவணங்களிலேயே ஒத்துழைப்புக்கான ‘கோஆபரேஷன்’ இருக்க வேண்டிய இடத்தில் கூபர்டினோ என்று ஆப்பிள் கம்பெனி இருக்கும் ஊரின் பெயர் விழுந்திருக்கிறது. பழைய அகராதியில் ஹைஃபன் போட்ட வடிவம் மட்டும் இருந்ததால் வந்த வினை. போனில் தொழில் சொற்களை எல்லாம் பெர்சனல் டிக்ஷனரியில் ஏற்றிவிட்டேன், இப்போது பரவாயில்லை.

இந்த வருஷம் சந்தாவை எனக்காகப் புதுப்பிக்கவில்லை. அந்த லைசென்ஸை புதிதாகச் சேர்ந்த தங்கைக்கு மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன். ‘ஏ’வும் ‘தி’யும் கைக்கு வரும்வரை அவளுக்கு அது உதவும். பேக்கிங் லிஸ்டுக்கு மட்டும் ஸ்கேலை வைத்து வரி வரியாக ஒருவர் படிக்க இன்னொருவர் சரிபார்ப்பதுதான், அதற்கு இன்னும் மாற்று வரவில்லை.