மதுரையில் ஒரு மழலையர் பள்ளியின் கோடை வகுப்பு

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில், மூன்றரை வயதான எங்கள் மகளை, வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் உள்ள ஒரு மழலையர் பள்ளியின் கோடை விடுமுறை வகுப்பில் நான்கு வாரங்களுக்குச் சேர்த்தோம். காலை 9 மணி முதல் 12 மணி வரை வகுப்பு. பதினாறு பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியைகளும் ஓர் ஆயாவும் இருந்தார்கள்.

என் மனத்தில் நிற்பது அவர்களுடைய தண்ணீர் விளையாட்டு. வேப்பமர நிழலில் ஒரே ஒரு தொட்டி. அதன் அருகிலேயே ஓர் ஆசிரியை அமர்ந்திருக்க, பிள்ளைகள் ஆழாக்கால் மொண்டு உழக்கில் ஊற்றுவார்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு என்பதை என் மகள் வீட்டுக்கு வந்து அரிசி அளந்து எனக்குக் காட்டினாள். சில அங்குலத் தண்ணீரில்கூடச் சிறு குழந்தை குப்புற விழுந்து மூழ்கிவிடக்கூடும் என்பதால், ஆட்டம் முடிந்ததும் தொட்டியை அப்படியே விட்டுவைப்பதில்லை. மிச்சத் தண்ணீரைப் பிள்ளைகளே மொண்டு செம்பருத்திச் செடிக்கு ஊற்றியபின், ஆயா தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

ஒருநாள் என் மாமியாருக்கு உடல்நலம் சரியில்லாததால், மகளை அழைத்துவரக் கொழுந்தனார் போயிருந்தார். நாங்கள் எழுதிக் கொடுத்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. பிள்ளை "சித்தப்பா" என்று கூவியும், என்னைத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே ஆசிரியை அவள் கையை விட்டார். கொழுந்தனாருக்குச் சற்று வருத்தம்தான். எனக்கோ அன்றுதான் அந்த இடத்தின் மீது முழு நம்பிக்கை வந்தது.

குறைகளும் உண்டு. மூன்றாம் நாள் சிற்றுண்டியாக முழு வேர்க்கடலைச் சுண்டல் கொடுத்திருந்தார்கள். இந்த வயதில் அது மூச்சுக்குழாயில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து; சொன்ன மறுநாளே மசித்த பாசிப்பயறாக மாற்றிவிட்டார்கள். விளையாட்டுப் பொருள்களில் ஒன்று, ஒளிரும் வாத்து, பட்டன் பேட்டரியில் இயங்குவது. அதன் மூடியில் திருகாணி இல்லை. விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் தங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும் என்பதால், அதை உடனே எடுத்துவிடச் சொன்னேன், எடுத்தார்கள். 2021 ஜனவரி முதல் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்றிருக்கும்போது, வாங்கும் பள்ளி அதைப் பார்த்தே வாங்கியிருக்க வேண்டும்.

எழுத்துப் பயிற்சி என்று பிள்ளைகளை வதைக்கவில்லை. மணலில் விரலால் 'அ' எழுதியதோடு சரி, அதுவே போதும். மின்தடையின்போது உள் அறை மட்டும் தாங்க முடியாத புழுக்கமாகிவிடுகிறது. காலாண்டு விடுமுறையிலும் வகுப்பு நடத்தப் போவதாகச் சொல்கிறார்கள். இன்வெர்ட்டர் பொருத்திவிட்டார்களா என்று நேரில் பார்த்துவிட்டு மகளின் பெயரைக் கொடுப்பேன்.