பூனைக்கு ‘முழு ஹெல்த் பேக்கேஜ்’: ஆறாம் பக்கம் இல்லையென்றால் காசைத் திருப்பிக் கேட்டிருப்பேன்

எங்கள் வீட்டு பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் பெண்ணுக்கு ஒன்றரை வயது. ஒரு ஈற்றாவது குட்டி போடட்டும் என்று நினைத்து, கடுவன் வைத்திருப்பவரிடம் பேசினால், அவர் கேட்ட முதல் கேள்வியே “டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சா?” என்பதுதான். வம்சாவளிச் சான்றிதழை நீட்டினேன். அதில் நாலு தலைமுறைப் பெயர் இருக்கிறதே தவிர ஒரு தலைமுறையின் சிறுநீரகமும் இல்லை என்றார். சரி, ஒரே கல்லில் ரெண்டு மாங்காய் என்று, பரம்பரை நோய்க்கான டி.என்.ஏ. பரிசோதனையையும் தொற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனையையும் சேர்த்து ஒரே பேக்கேஜாகத் தரும் ஒரு சேவையில் பதிவு செய்தேன். பெயர் வேண்டாம்.

முதலில் ஸ்வாப். கன்னத்தின் உள்பக்கம் குச்சியை வைத்துப் பத்து இருபது விநாடி தேய்க்க வேண்டும், அவ்வளவுதான் என்று கையேடு சொல்கிறது. அதை எழுதியவர் பூனை வளர்த்தவர் இல்லை. எங்கள் ராணி குச்சியைக் கடித்தாள், நக்கினாள், கடைசியில் என் கட்டைவிரலையும் விடவில்லை. தீனி தின்ற உடனே எடுக்கக்கூடாது, எடுத்த குச்சியை நன்றாகக் காற்றில் உலரவிட்ட பிறகுதான் உறையில் போட வேண்டும் என்பதெல்லாம் பொடி எழுத்தில் பின்பக்கம் இருக்கிறது. நான் ஈரத்தோடு போட்டு அனுப்பிவிட்டேன். செல் போதவில்லை, மறுபடி அனுப்புங்கள் என்று பதில் வந்தது. புதுக் குச்சி இலவசம்தான், ஆனால் மூன்று வாரம் போனது போனதுதான். பால் குடிக்கும் குட்டிக்கு எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள், தாயின் செல் ஒட்டிக்கொண்டு வந்து முடிவைக் குழப்பிவிடும்.

இன்னொன்று. வீட்டிலேயே எடுத்து அனுப்பினால் அது எந்தப் பூனையின் கன்னம் என்று யாருக்குத் தெரியும்? விவரம் தெரிந்த கடுவன்காரர்கள் அந்த ரிப்போர்ட்டை ஒப்புக்கொள்வதில்லை. இரண்டாவது தடவை கால்நடை மருத்துவரிடமே கொண்டுபோனேன், அவர் மைக்ரோசிப்பின் 15 இலக்க எண்ணைப் படித்துப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதலிலேயே அப்படிச் செய்திருக்கலாம்.

ரிப்போர்ட் பார்க்க அழகு. பக்கம் பக்கமாகப் பச்சை டிக். அதில் பி.கே.டி. என்ற, சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் நோய்க்கான டிக்கைப் பார்த்து உண்மையிலேயே நிம்மதி வந்தது. பெர்சியன் பூனைகளின் நோய் இது, பெர்சியன் ரத்தம் கலந்ததால் பிரிட்டிஷ் ஷார்ட்ஹேருக்கும் வந்துசேர்ந்தது. பெற்றோரில் ஒன்றிடமிருந்து கெட்ட மரபணு வந்தாலே போதும், நோய் வரும். இரண்டிடமிருந்தும் வந்தால் அந்தக் குட்டி கருவிலேயே போய்விடும். மரபணு மாற்றத்தை 2004-ல் கண்டுபிடிக்கும்வரை, பூனைக்குப் பத்து மாதம் ஆகும்வரை காத்திருந்து ஸ்கேன் பார்ப்பதுதான் வழி. அதையும் பார்க்காதவர்களுக்கு, பல ஈற்றுக் குட்டிகள் ஊர் முழுக்கப் போன பிறகு, நடுவயதில் தாயின் சிறுநீரகம் கெடும்போதுதான் விஷயம் தெரியவரும். இந்த ஒரு டெஸ்டுக்காகவே டி.என்.ஏ. எடுக்கலாம்.

எரிச்சல் அடுத்த பக்கத்தில். ‘எச்.சி.எம். இதய நோய்: பாதிப்பில்லை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இதயத் தசை தடித்துப்போகும் இந்த நோய்க்கு அவர்கள் தேடியது இரண்டே இரண்டு மாற்றங்களை: 2005-ல் மெய்ன் கூனில் கண்டது ஒன்று, 2007-ல் ராக்டாலில் கண்டது இன்னொன்று. என் பூனை இந்த இரண்டு ரகமும் இல்லை. பிரிட்டிஷ் ஷார்ட்ஹேருக்கு எச்.சி.எம். வருகிறது, ஆனால் அதைச் சொல்லும் டி.என்.ஏ. டெஸ்ட் கிடையாது. எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்துத்தான் பார்க்க வேண்டும், அதையும் ஒரு தடவை எடுத்து முடித்துக்கொள்ள முடியாது, குட்டி எடுக்கும் பூனைக்கு ஆண்டுதோறும் எடுக்கச் சொல்கிறார்கள். மெய்ன் கூனுக்குமே அந்த மாற்றம் இல்லாமல் நோய் வருவதுண்டு. எதிர் வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு உங்கள் வீடு பத்திரம் என்று சொன்னால் எப்படி? ‘இந்த ரகத்துக்குப் பொருந்தாது’ என்று ஒரு வரி போட என்ன செலவு?

ஆறாம் பக்கத்துக்கு வருகிறேன். மயிரின் நிறம், நீளம் இதற்கெல்லாம் பெரிய பெரிய கட்டம் போட்டுவிட்டு, கடைசியில் சின்னதாக: ‘ரத்த வகை: பி’. டிக்கும் இல்லை, விளக்கமும் இல்லை. எங்களுக்கு அந்த வரிதான் உயிர். பூனைகளில் ஏ வகைதான் பெரும்பாலும். பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர், டெவான் ரெக்ஸ் போன்ற சில ரகங்களில் பி அதிகம். பி வகைப் பூனையின் ரத்தத்தில் ஏ வகைக்கு எதிரான வலுவான எதிரணுக்கள் (ஆன்டிபாடி) இயற்கையாகவே இருக்கும். ஏ வகைக் கடுவனோடு சேர்த்தால் ஏ வகைக் குட்டிகள் பிறக்கும், பிறக்கும்போது நன்றாகத்தான் இருக்கும், முதல் பாலில் அந்த எதிரணு உள்ளே போனதும் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். ஓரிரு நாளில் குட்டிகள் ஒவ்வொன்றாகச் சாகும், வளர்ப்பவர் தாய்க்குப் பால் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். முன்கூட்டியே தெரிந்தால் பி வகைக் கடுவனைத் தேடலாம், இல்லாவிட்டால் முதல் 24 மணி நேரம் குட்டிகளைத் தாயிடம் பால் குடிக்க விடாமல் வேறு பால் கொடுத்துக் காப்பாற்றலாம். இதை எனக்குச் சொன்னது ரிப்போர்ட் இல்லை, அவர்களுடைய தொலைபேசி ஆலோசனையில் பேசிய மருத்துவர். பேக்கேஜிலேயே உருப்படியான பகுதி அந்த இருபது நிமிடப் பேச்சுதான், அதை இணைப்புச் சலுகை மாதிரி ஒரு மூலையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

தொற்றுநோய்ப் பகுதி சுமார். லுகேமியா வைரஸ், பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் எஃப்.ஐ.வி. வைரஸ், இரண்டும் நெகட்டிவ். ஆனால் ரத்தம் எடுப்பதற்கு இரண்டு வாரம் முன்புதான் அவள் வேறு பூனைகளோடு தங்கிவிட்டு வந்திருந்தாள், அதை யாருமே கேட்கவில்லை. தொற்று நடந்து லுகேமியா டெஸ்டில் தெரிய ஒரு மாதம் வரையும், எஃப்.ஐ.வி. டெஸ்டில் தெரிய இரண்டு மாதம் வரையும் ஆகலாம், ஆக அந்த நெகட்டிவை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம் ‘எஃப்.ஐ.பி. டெஸ்ட்’ என்று ஒன்று. எஃப்.ஐ.பி. என்பது பூனைக் கொரோனா வைரஸால் சில பூனைகளுக்கு வரும் கொடிய நோய். உண்மையில் அது கொரோனா வைரஸ் எதிரணு டெஸ்ட். பல பூனைகள் இருக்கும் வீட்டில் பெரும்பாலானவற்றுக்கு அது பாசிட்டிவாகத்தான் வரும், அவற்றில் மிகச் சிலவற்றுக்குத்தான் எஃப்.ஐ.பி. வரும். அந்தப் பெயரில் ஒரு பாசிட்டிவைப் பார்த்துப் பயந்து குட்டியைத் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

டி.என்.ஏ. பகுதிக்கு ஐந்துக்கு மூன்றரை, ஆலோசனைக்கு ஐந்து, தொற்றுநோய்ப் பகுதிக்கு ஒன்றரை. நீங்கள் வாங்குவதானால் பேக்கேஜை விட்டுவிட்டு உங்கள் ரகத்துக்கு வேண்டிய டெஸ்டுகளை மட்டும் தனியாகக் கேளுங்கள், பல ஆய்வகங்கள் அப்படியும் செய்து தருகின்றன. நான் எஃப்.ஐ.வி.க்கு மறு ரத்தம் எடுக்கும் தேதியைக் குறித்துவிட்டேன், எக்கோவுக்கும் நேரம் வாங்கிவிட்டேன். அந்தக் கடுவன்காரரிடம் அவருடைய பூனையின் ரத்த வகை என்ன என்று கேட்டேன். அவ்வளவு கேள்வி கேட்ட மனிதர், “அதெல்லாம் பார்க்கணுமா?” என்கிறார்.